பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதனை: விஜயபுரம் எல்லைப் பகுதியை முன்வைத்து

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 16 முதல் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவரின் கண் 23 முதல் 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. மிச்சம் பள்ளிக்கூட ஆண்டுகளில் மெல்ல நடக்கிறது. கருவிழியும் உள்ளிருக்கும் லென்ஸும் ஒளியைக் குவிக்கும் திறனுக்குக் கண்ணின் நீளம் பொருந்தி வந்தால்தான் பிம்பம் விழித்திரையில் தெளிவாக விழும். நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலே ஏறத்தாழ மூன்று டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) அளவுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. அந்த அளவு குறை உள்ள பிள்ளைக்கு ஓரடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் மங்கல்தான். கரும்பலகையோ பத்து பதினைந்தடி தள்ளி இருக்கிறது.

பார்வைக் குறை உள்ள பிள்ளை பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. உலகமே இப்படித்தான் தெரியும் என்று அது நம்புகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு வேப்பமரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்பதை அறிய அதற்கு வழியே இல்லை. வலி கிடையாது, கண் சிவப்பதும் கிடையாது. கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறது, ஆசிரியர் வாயால் சொன்னதை மட்டும் பிடித்துக்கொள்கிறது, கண்ணை இடுக்கிப் பார்க்கிறது, வீட்டில் டி.வி.யை ஒட்டி உட்காருகிறது. ஆசிரியர் ‘மந்தம்’ என்கிறார். பெற்றோர் ‘விளையாட்டுப் புத்தி’ என்கிறார்கள். ‘பிள்ளை ஏதாவது சொன்னால் காட்டிக்கொள்ளலாம்’ என்ற வழக்கமான நினைப்பு கண் விஷயத்தில் உதவாது. சொல்லாத பிள்ளையைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளியிலேயே கண் பரிசோதனை வைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

எல்லையோர மண்டலம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், தமிழகத்தின் திருத்தணிக்கு அருகே இருக்கிறது விஜயபுரம் மண்டலம். நகரியும் நிண்டிராவும் பக்கத்து மண்டலங்கள். எல்லைப் பிரச்சினையில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கும் போனது. எல்லைக்கோடு மாறினாலும் பேச்சும் கொள்வினை கொடுப்பினையும் இருபுறமும் தொடர்கின்றன. இங்கே ஒரே தெருவில் தெலுங்கும் தமிழும் கேட்கும். நெல்லும் கரும்பும் மாந்தோப்பும் உள்ள கிராமங்கள், நகரியையும் புத்தூரையும் சுற்றி விசைத்தறிகள். தறியிலோ கழனியிலோ கூலிக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு தனி.

இந்த வட்டாரத்தைச் சுற்றிக் கண் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 2019இல் திருப்பதிக்கு வந்தது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஷெல் கண் மருத்துவமனை. சென்னை எழும்பூரில் 1819இல் தொடங்கிய, உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்றான அரசு கண் மருத்துவமனை. இவ்வளவு இருந்தும், கண்ணில் கோளாறு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஒருவர் அவற்றின் வாசலுக்குப் போவார். அந்த ‘தெரிவது’ நடக்கக்கூடிய இடம் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

எத்தனை பேருக்கு, என்ன குறை

பிள்ளைகளின் பார்வைக் குறையைப் பல நாடுகளில் ஒரே முறைப்படி அளக்கும் ஆய்வு வரிசை ஒன்று 1990களின் இறுதியில் தொடங்கியது. அதில் இந்தியாவின் இரண்டு இடங்கள் இடம்பெற்றன: ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டக் கிராமங்கள், டெல்லி நகரம். இரண்டின் முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. மகபூப்நகரில் 7 முதல் 15 வயது வரையுள்ள நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். டெல்லியில் 5 முதல் 15 வயது வரையுள்ள ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை. விஜயபுரம் போன்ற கிராமப்புறத்துக்கு மகபூப்நகர்க் கணக்கே நெருக்கமானது.

அந்தக் கிராமங்களில், கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போது, நல்ல கண்ணிலேயே பார்வை 6/12 (குறையில்லாத கண் பன்னிரண்டு மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டரில்தான் படிக்கும் நிலை) அல்லது அதற்கும் கீழே இருந்த பிள்ளைகள் 2.7 விழுக்காடு. அன்றாடம் அவர்கள் பார்க்கும் நிலையிலேயே, அதாவது கண்ணாடி வைத்திருப்பவர் அதை அணிந்துகொண்டு பார்க்கும்போது, 2.6 விழுக்காடு. தகுந்த கண்ணாடி போட்டுப் பார்த்தபோது 0.8 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மூன்று எண்களையும் சேர்த்துப் படித்தால் நிலைமை விளங்கும். கண்ணாடியால் பெரும்பாலோரின் பார்வையைச் சரிசெய்திருக்க முடியும்; ஆனால் 2.7க்கும் 2.6க்கும் இடையே அநேகமாக வித்தியாசமே இல்லை. கண்ணாடி தேவைப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய எவரிடமும் கண்ணாடி இல்லை என்பதே இதன் பொருள். டெல்லியில் இதே எண்கள் 6.4, 4.9, 0.8. நகரத்தில் குறை அதிகம், ஆனால் ஓரளவுக்காவது கண்ணாடி போய்ச் சேர்ந்திருந்தது. கிராமத்தில் குறை குறைவு. கண்ணாடி சேரவே இல்லை.

பார்வைக் குறைவுக்கான காரணங்களில் ஒளிவிலகல் பிழையின் பங்கு மகபூப்நகரில் அறுபது விழுக்காட்டளவு, டெல்லியில் எண்பதுக்கும் மேல். ஒளிவிலகல் பிழை என்பது கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை மூன்றையும் குறிக்கும். கிட்டப்பார்வை மட்டும் மகபூப்நகரில் 4 விழுக்காடு அளவில் இருந்தது. முந்நூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு இந்த விகிதத்தைப் பொருத்தினால் பன்னிரண்டு பேர். இது இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய அளவு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டெல்லிப் பள்ளிகளில் 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு கிட்டப்பார்வையை 13 விழுக்காடு என்று கண்டது. வயதும் முறையும் சற்று வேறுபட்டாலும் போக்கு மேல்நோக்கியே இருக்கிறது. 2050இல் உலக மக்களில் பாதிப்பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016இல் வெளியான ஒரு கணிப்பு சொன்னது.

வயது இங்கே முக்கியம். ஏழு வயதில் கிட்டப்பார்வை இல்லாத பிள்ளைக்கு பன்னிரண்டில் வரலாம். மகபூப்நகரிலும் டெல்லியிலும் வயது ஏற ஏற விகிதமும் ஏறியது. ஒன்றாம் வகுப்பில் ஒருமுறை பார்த்து ‘கண் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவைத்த சான்று ஏழாம் வகுப்பில் செல்லாது.

சோம்பல் கண்

பள்ளிப் பரிசோதனையில் கண்டுபிடிக்கக்கூடியவற்றுள் காலத்தோடு மிகவும் இறுகப் பிணைந்தது சோம்பல் கண். இது கண்ணின் நோயைவிட மூளையின் நோய் என்றே சொல்ல வேண்டும். பிறந்து முதல் ஏழெட்டு ஆண்டுகள் மூளையின் பார்வைப் பகுதி கண்ணிலிருந்து வரும் பிம்பங்களைக் கொண்டு பயிற்சி பெறுகிறது. ஒரு கண்ணிலிருந்து மட்டும் மங்கலான பிம்பம் வந்துகொண்டிருந்தால் மூளை அந்தக் கண்ணைப் பொருட்படுத்துவதை விட்டுவிடுகிறது. இரு கண்களின் பவரும் பெரிய அளவில் வேறுபடுவது, மாறுகண், பிறவிக் கண்புரை, கண்ணை மறைக்கும்படி தொங்கும் இமை ஆகியவை முக்கியக் காரணங்கள். வயது கடந்தபின் எவ்வளவு சரியான கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்புவதில்லை. மகபூப்நகர் ஆய்வில் பார்வை குறைந்த கண்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் சோம்பல் கண்தான் காரணம். டெல்லியில் இதன் பங்கு அதில் பாதிகூட இல்லை. காலத்தில் கவனிக்காமல் விட்டதன் விலை கிராமத்தில் அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இரு கண்களில் ஒன்று மட்டும் பழுதான பிள்ளை எந்தச் சிரமமும் இல்லாமல் ஓடும், படிக்கும், பந்து பிடிக்கும். நல்ல கண் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறது. வீட்டில் எவருக்கும் ஐயம் வராது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லும் ஒரே ஒரு நிமிடத்தில்தான் அது வெளிப்படும். பலருக்கு அந்த நிமிடம் ஓட்டுநர் உரிமத்துக்கோ போலீஸ் வேலைக்கோ கண் சோதனை செய்யும் நாளில் வந்து சேர்கிறது. அதற்குள் பதினைந்து ஆண்டுகள் போயிருக்கும்.

சிகிச்சை எளிது, மலிவு, அறுவை பெரும்பாலும் தேவையில்லை: முதலில் சரியான கண்ணாடி, பிறகு நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் தினம் சில மணி நேரம் மூடி, சோம்பிய கண்ணை வேலை செய்ய வைப்பது. மிதமான குறைக்குத் தினம் இரண்டு மணி நேரம் மூடுவது ஆறு மணி நேரத்துக்குச் சமமான பலன் தருகிறது என்று அமெரிக்கக் கண் மருத்துவக் குழு ஒன்றின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஏழு வயதைத் தாண்டியவர்களுக்கும் ஓரளவு பலன் உண்டு என்று அதே குழு 2005இல் காட்டியதால், பத்து வயதுப் பிள்ளையை ‘நேரம் போய்விட்டது’ என்று திருப்பி அனுப்புவதும் தவறு. ஆனாலும் முன்னதாகத் தொடங்கிய சிகிச்சைக்கு ஈடில்லை. இதற்காகத்தான் பள்ளிச் சேர்க்கைக்கு முன்பே, அங்கன்வாடி வயதிலேயே, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பது அவசியமாகிறது. நம் நாட்டுத் திட்டங்கள் நீண்ட காலம் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையே முதன்மையாகக் குறிவைத்தன. கிட்டப்பார்வைக்கு அது பொருந்தும். சோம்பல் கண்ணுக்கு அது தாமதம்.

மாறுகண்ணைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓரக்கண் அதிர்ஷ்டம், வளர வளரத் தானே சரியாகும் என்ற பேச்சு எல்லைக்கு இருபுறமும் உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் கண் ஒருபக்கம் போகிறது என்றால் அது தானே சரியாகக் காத்திருக்கும் காரியம் அல்ல. சில வேளை அந்த மாறுகண்ணுக்குப் பின்னால் கண்புரையோ, விழித்திரைப் புற்றோ இருக்கும். இரவில் பூனைக்கண் போல வெள்ளையாக மின்னும் கண்மணி அந்தப் புற்றின் அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் அது பார்வையை மட்டுமல்லாமல் உயிரையும் எடுக்கக்கூடியது.

கண்ணாடியால் தீராதவை

பரிசோதனை என்றால் கண்ணாடி கொடுப்பது மட்டும் அல்ல. வெயிலும் புழுதியும் மிகுந்த இந்த வட்டாரத்தில் பள்ளி வயதுச் சிறுவர்களுக்கு ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பு சாதாரணம். பருவம் அடையும் வயதில் இது பெரும்பாலும் தணிந்துவிடும். ஆபத்து அதற்கு எடுக்கும் மருந்தில் இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்ட உடனே அரிப்பு நிற்கும். அதனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அது கண் நீர் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், கண்புரையையும் கொண்டுவரும். அரிப்புக்குத் தொடங்கிய வைத்தியத்தால் நிரந்தரப் பார்வையிழப்பு வருவது மிகக் கொடுமை, முழுக்கத் தவிர்க்கக்கூடியதும்கூட. ‘என்ன சொட்டு மருந்து போடுகிறாய்?’ என்று பரிசோதகர் கேட்கும் ஒரு கேள்வி அதைத் தடுக்கும்.

வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணும், விழிவெண்படலத்தில் தோன்றும் நுரை போன்ற புள்ளியும் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கின்றன. 1970இல் தொடங்கிய தேசிய வைட்டமின் ஏ திட்டமும் தட்டம்மைத் தடுப்பூசியும் அதற்குத் துணை நின்றன. முருங்கைக்கீரையும் பப்பாளியும் சித்தூர் மாம்பழமும் கிடைக்கிற ஊரில் இக்குறை இருக்கவே கூடாது. நெருங்கிய சொந்தத்தில், குறிப்பாக மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் வழக்கம் தென்னிந்தியா முழுதும் போலவே இங்கும் உண்டு. விழித்திரைச் சிதைவு, பிறவிக் கண் நீர் அழுத்தம் போன்ற பரம்பரைக் கோளாறுகள் அத்தகைய குடும்பங்களில் கூடுதலாகத் தென்படுகின்றன. இரவில் தட்டுத் தடுமாறி நடக்கும் பிள்ளைக்கு வைட்டமின் குறைவு மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது. காது கேளாத பிள்ளைகளுக்கு விழித்திரைச் சிதைவும் சேர்ந்து வரும் ஒரு பரம்பரை நோய் இருப்பதால் அவர்களின் கண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் பவிதா மையங்களுக்கு வரும் மாற்றுத்திறன் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். குறைமாதத்தில் பிறந்தவர்களும் பள்ளி வயதில் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். அவர்களுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வர வாய்ப்பு அதிகம்.

வில்-அம்பு, கிட்டிப்புள், தீபாவளிப் பட்டாசு, வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகியவற்றால் வரும் காயங்களில் பரிசோதனைக்கு வேலை குறைவு, முதலுதவிக்கே வேலை அதிகம். சுண்ணாம்பு பட்ட கண்ணைச் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடக் கூடாது.

அட்டைக்கு முன்னால்

பரிசோதனையின் முதல் கருவி 1862இல் டச்சு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெலன் வடிவமைத்த எழுத்து அட்டை. இன்றும் அதுவே அடிப்படை. 6/9 என்றால், நல்ல கண் ஒன்பது மீட்டரில் படிக்கும் எழுத்தை இந்தப் பிள்ளை ஆறு மீட்டர் தொலைவுக்கு வந்தால்தான் படிக்கிறது என்று பொருள். தெலுங்கு வழி, தமிழ் வழி, ஆங்கில வழி என்று கலந்து படிக்கும் எல்லைப் பகுதியில் எழுத்து அட்டை சிக்கல் தரும். ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தை நான்கு திசைகளிலும் திருப்பிப் போட்ட அட்டையே இங்கே பொருத்தமானது. அதன் மூன்று கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று பிள்ளை கையால் காட்டினால் போதும்; எந்த மொழியும் தெரிய வேண்டாம், எழுத்தே தெரியாத நான்கு வயதுப் பிள்ளைக்கும் நடத்தலாம்.

எளிய சோதனை என்பதாலேயே இதில் பிழைகள் நுழைகின்றன. ஆறு மீட்டரை நாடாவால் அளக்காமல் காலடியால் அளப்பது ஒன்று. இருட்டு வராந்தாவில் அல்லது வெயில் நேரே அடிக்கும் சுவரில் அட்டையை மாட்டுவது இன்னொன்று. பிள்ளை கண்ணை விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துவிடும். உள்ளங்கையைக் குவித்து, அழுத்தாமல் மூட வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் உள்ளவர் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆகவே காத்திருப்போர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். ஏற்கெனவே கண்ணாடி உள்ளவரைக் கண்ணாடியோடு சோதிக்க வேண்டும். இரு கண்ணாலும் ஒருசேரப் படிக்கச் சொல்லி ‘தேர்ச்சி’ எழுதுவது சோம்பல் கண்ணைத் தப்பவிடும். இத்தனையையும் ஓர் ஆசிரியருக்கு அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுக்காமல் அட்டையை மட்டும் அனுப்பினால் அட்டை சுவரில் தொங்கும், குறை கண்ணில் தங்கும்.

அட்டையைப் படித்துவிட்டதாலேயே கண் முழு நலம் என்று ஆகிவிடாது. தூரப்பார்வை உள்ள பிள்ளை கண்ணின் உள் தசையை இறுக்கித் தொலைவில் உள்ளதைப் படித்துவிடும். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போனதும் தலைவலி, கண் எரிச்சல். அதே தசை இறுக்கத்தால் கணினிக் கருவி சிறுவர்களின் கிட்டப்பார்வையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஆகவே அட்டையில் தவறியவர்களுக்கும், தலைவலி என்று சொல்பவர்களுக்கும் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு, பயிற்சி பெற்றவர் பார்த்து, அதன் பிறகே பவர் எழுத வேண்டும். மருந்து போட்டபின் ஒரு நாளோ சற்றுக் கூடுதலோ கிட்டத்தில் மங்கலாகத் தெரியும். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லாவிட்டால், ‘கண்ணுக்குப் போய் இருந்த பார்வையும் போச்சு’ என்ற பேச்சு ஊரில் கிளம்பி அடுத்த முகாமுக்கு ஒரு பிள்ளையும் வராது.

அரசுத் திட்டங்கள்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் பிள்ளைகளின் கண் என்றாலே தொற்று நோய்தான். 1963இல் கண்ணிமைத் தொற்றான டிரக்கோமாவைக் கட்டுப்படுத்தும் திட்டம் தொடங்கியது. 1976இல் அது பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டமாக விரிந்தது. அதன் கீழ்ப் பள்ளிக் கண் பரிசோதனை 1994இல் வந்தது. 2024 அக்டோபரில் இந்தியா டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பழைய எதிரி போன இடத்தில் இன்று ஒளிவிலகல் பிழை நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2009இல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் பள்ளி மாணவர்களுக்காக வந்தது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2010 நவம்பர் 14 அன்று ஜவகர் பால ஆரோக்கிய ரக்ஷா என்ற பள்ளி நலத் திட்டம் தொடங்கியது. 2013இல் நடுவண் அரசின் ராஷ்ட்ரிய பால சுவாஸ்தய காரியக்ரமம் பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தன் கீழ்க் கொண்டுவந்தது. அதன் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது விதி. பார்வைக் குறையும் பிறவிக் கண்புரையும் வைட்டமின் ஏ குறைவும் அந்தக் குழு தேட வேண்டிய கோளாறுகளில் அடக்கம்.

இவற்றுள் அளவில் பெரியது ஆந்திர அரசின் ‘ஒய்.எஸ்.ஆர். கண்டி வெலுகு’. 2019 அக்டோபர் 10, உலகப் பார்வை தினத்தன்று அனந்தபூரில் தொடங்கியது. வயதானவர்களின் கண்புரையில் தொடங்காமல் முதல் இரண்டு கட்டங்களையும் பள்ளிப் பிள்ளைகளுக்கே ஒதுக்கியது அதன் பெரிய சிறப்பு. முதல் கட்டத்தில் ஒரு வாரத்துக்குள் மாநிலம் முழுவதும் சுமார் 66 லட்சம் மாணவர்களைச் சோதித்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டாம் கட்டச் சோதனைக்குத் தேர்வானார்கள். ஆசிரியரும் ஏ.என்.எம். செவிலியரும் ஆஷா பணியாளரும் அட்டையைப் பிடித்தால், ஒரு மாநிலத்தின் அத்தனை பள்ளிகளையும் சில நாட்களில் எட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. மூன்றாம் கட்டம் முதியோருக்காக 2020 பிப்ரவரியில் தொடங்கிய அடுத்த மாதமே கொரோனா வந்தது, பள்ளிகள் மூடின.

ஒரே வாரத்தில் அறுபத்தாறு லட்சம் என்பது வியக்கத்தக்க வேலைதான். ஆனால் ஒருமுறை பெரிய அளவில் நடத்துவதைவிட, ஆண்டுதோறும் சிறிய அளவிலாவது விடாமல் நடத்துவதே கண்ணின் இயல்புக்குப் பொருந்தும். 2019இல் ஒன்றாம் வகுப்பில் தேறிய பிள்ளை இன்று ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கும். அதற்கிடையில் கண் எத்தனையோ மாறியிருக்கும்.

கண்ணாடி வந்த பிறகு

கண்ணாடி கொடுப்பதால் படிப்பில் மெய்யாகவே பயன் உண்டா என்பதைச் சீனாவின் மேற்குப் பகுதிக் கிராமப் பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். இலவசக் கண்ணாடி பெற்ற கிட்டப்பார்வைப் பிள்ளைகள், வெறும் சீட்டு மட்டும் பெற்றவர்களைவிடக் கணக்கில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள் என்ற முடிவு 2014இல் வெளிவந்தது. பள்ளி நலப் பணிகளில் இத்தனை குறைந்த செலவில் இத்தனை நேரடியான பலன் தருவது அரிது.

பலன் வர வேண்டுமானால் பிள்ளை அதை அணிய வேண்டும். வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். புணே மாவட்டக் கிராமப் பள்ளிகளில் இலவசமாகக் கண்ணாடி பெற்றவர்களைப் பின்னர் ஒருநாள் அறிவிக்காமல் போய்ப் பார்த்தபோது, பார்க்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரில் அணிந்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 30 விழுக்காடு அளவே. தொலைந்துவிட்டது, உடைந்துவிட்டது, வீட்டில் மறந்துவிட்டேன், பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்பவையே பதில்கள். ‘சோடாபுட்டி’ என்ற ஒரு சொல் போதும், கண்ணாடி புத்தகப் பையின் அடியில் போய்விடும். பெண் பிள்ளைக்கு இன்னும் கடினம்: கண்ணாடி போட்டால் நாளைக்கு வரன் அமையாது என்று வீட்டுப் பெரியவர்களே கழற்றச் சொல்கிறார்கள். போட்டால் பவர் ஏறும் என்ற பயமும் பரவலாக உண்டு. பவர் ஏறுவது கண் வளர்வதால், கண்ணாடியால் அல்ல. போடாமல் விட்டாலும் அது ஏறும், பிள்ளை அதுவரை மங்கலிலேயே படிக்கும்.

இதற்கான தீர்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. முகத்துக்குப் பொருந்தும் இரண்டு மூன்று வகைச் சட்டங்களைக் காட்டி, பிடித்ததைப் பிள்ளையே தேர்வு செய்ய விட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கறுப்புச் சட்டம் கொடுத்தால் அது அரசுக் கண்ணாடி என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ள பிள்ளைக்கு அது கட்டாயம். உடைந்தால் அடுத்த ஆண்டு முகாம்வரை காத்திருக்காமல் மாற்றுக் கண்ணாடி பெற வழி இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டில் கண்ணாடிப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டு, முதல் பாடவேளையில் ‘எங்கே கண்ணாடி?’ என்று அன்போடு கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கேலியை வகுப்பில் அனுமதிக்காத ஆசிரியர் எந்தக் கண் மருத்துவருக்கும் குறைந்தவர் அல்ல.

வெயிலும் வெளியும்

கிட்டப்பார்வை வராமல் தடுக்க முடியுமா என்ற கேள்விக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் ஓரளவு உறுதியான விடை கிடைத்திருக்கிறது: பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கும் நேரம். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு. கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் அடைந்த ஆண்டில் சீனாவின் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை சட்டென்று பல மடங்கு ஏறியதை இன்னோர் ஆய்வு கண்டது. கடுமையான கிட்டப்பார்வை கண்ணாடியின் தடிமனோடு நிற்பதில்லை. நடுவயதில் விழித்திரை கழன்று வருவதற்கும் கண் நீர் அழுத்த நோய்க்கும் அது வாய்ப்பைக் கூட்டுகிறது.

மகபூப்நகர்க் கிராமத்தைவிட டெல்லியில் கிட்டப்பார்வை அதிகம் இருந்ததில் வெளிவிளையாட்டுக்குப் பங்கு இருக்கக்கூடும். விஜயபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் ஏரிக்கரையும் மாந்தோப்பும் இருக்கின்றன. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகளும், மாலை ஆறு மணிக்கு டியூஷன் அறையில் பிள்ளையை உட்கார வைக்கும் வீடுகளும், கையில் செல்போனைக் கொடுத்து அடக்கும் பழக்கமும் அந்த நன்மையை மெல்லப் பறிக்கின்றன.

எங்கே தொடங்குவது

இப்பகுதிக்குப் புதிதாகக் கட்டடமோ பெருஞ்செலவோ தேவைப்படவில்லை. அங்கன்வாடியில் மூன்று வயது முடிந்ததும் ஒரு பார்வை, ஒன்றாம் வகுப்பில் சேரும்போது இரு கண்ணையும் தனித்தனியே ஒரு முழுச் சோதனை, அதன்பின் ஆண்டுக்கொருமுறை அட்டை. கண்ணாடி போட்டவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மறுசோதனை. இந்த வரிசையை நடத்த ஆசிரியர், ஏ.என்.எம்., கண் மருத்துவ உதவியாளர் மூவரும் போதும். மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது வெறும் சீட்டைக் கொடுக்காமல், எந்த நாள், எந்த மருத்துவமனை, யாரைப் பார்ப்பது என்று வீட்டில் பேசும் மொழியில், தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழிலும் தெலுங்குக் குடும்பத்துக்குத் தெலுங்கிலும் எழுதித் தர வேண்டும். ஒரு பள்ளியில் தவறிய ஐந்தாறு பிள்ளைகளை ஒரே வண்டியில் ஓர் ஆசிரியர் துணையோடு அனுப்பினால் ஐந்தாறு குடும்பங்களின் கூலி மிஞ்சும். எல்லைக்கு அப்பால் திருத்தணிப் பக்கம் உறவு வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மாநிலப் பட்டியலிலும் விடுபட்டுப் போகாதபடி, சேர்க்கை நாளிலேயே பள்ளி அவர்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

திட்டங்களின் அறிக்கைகள் இன்றுவரை எத்தனை பேரைச் சோதித்தோம், எத்தனை கண்ணாடி கொடுத்தோம் என்றே கணக்குச் சொல்கின்றன. கொடுத்து ஆறு மாதம் கழித்து எத்தனை பிள்ளைகள் அணிந்திருக்கிறார்கள், சோம்பல் கண் கண்ட எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற இரண்டு எண்களையும் மண்டல அளவில் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்கள் இல்லாத அறிக்கை பாதி அறிக்கையே. பெற்றோர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன், ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கண்ணால் சுவரிலுள்ள காலண்டரைப் படிக்கவோ அதிலுள்ள படத்தைச் சொல்லவோ கேளுங்கள். பிறகு அடுத்த கண். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் சிறு வித்தியாசம் தெரிந்தாலும் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வித்தியாசம் தெரியாவிட்டாலும் பள்ளியில் கண் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளைக்கு விடுப்பு எடுக்காதீர்கள்.